தோட்டத்துக் கஞ்சாவை எப்போது வெட்டுவது? ஒன்ராறியோவில் முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

செப்டெம்பர் பிறந்ததும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்துக் கொல்லைகளில் நிற்கும் கஞ்சாச் செடிகள் பூத்துப் பருத்து, வாசம் வேலி தாண்டத் தொடங்கும். முதன்முறை வளர்ப்பவருக்கு அப்போதே கத்தரிக்கோலைக் கையில் எடுக்கத் தோன்றும். எடுக்க வேண்டாம். அந்த நிலையில் வெட்டினால் எடையில் கணிசமான பங்கும் மணத்தில் பெரும்பங்கும் போய்விடும். ஆனால் "இன்னும் ஒரு கிழமை பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே போனால், ஒக்டோபர் மழையில் நடுப்பூ அழுகிக் குப்பைக்குத்தான் போகும். எப்போது பார்க்கத் தொடங்குவது என்பதை நாட்காட்டி சொல்லும். செடி முற்றிவிட்டதா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி சொல்லும். வெட்டும் நாளைப் பெரும்பாலும் வானிலைதான் முடிவு செய்யும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் வேலை.

முதலில் சட்டம். கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம். இது ஆளுக்கு 4 அல்ல, வீட்டுக்கு 4. பெரியவர்கள் ஆறு பேர் இருந்தாலும் அதே 4தான். விதையோ கன்றோ உரிமம் பெற்ற கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். விளைந்ததை விற்கக்கூடாது. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும், கொண்டோ என்றால் கட்டட விதிகளையும் முன்கூட்டியே வாசித்துப் பாருங்கள், அங்கே தடை இருக்கலாம். கியூபெக்கில் வீட்டில் வளர்ப்பதற்கு மாகாணமே தடை விதித்திருக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் இது கடுமையான குற்றம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டுவரை கடுங்காவல் உண்டு. ஆகவே கீழே உள்ளவை எல்லாம் சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களுக்கு மட்டும்.

நாட்காட்டியை எங்கிருந்து எண்ணுவது

பெரும்பாலான கஞ்சா வகைகள் இரவு நீளத் தொடங்கியதும்தான் பூக்கும். ரொறன்ரோவில் ஜூன் 21 அளவில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். ஆகஸ்ட் நடுவில் அது ஏறத்தாழ 14 மணியாகக் குறையும். அந்தச் சமயத்தில்தான் கிளை நுனிகளில் வெள்ளை நூல் போன்ற சூல்முடிகள் கற்றையாகக் கிளம்பும். கணுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முன்பே தெரியும் ஒற்றை நூல்களைக் கணக்கில் எடுக்கவேண்டாம், அவை செடி பெண் என்று மட்டுமே சொல்கின்றன. நுனியில் கற்றையாகத் தெரிந்த நாளைக் குறித்து வையுங்கள். அதுதான் முதல் நாள்.

விதைப் பொட்டலத்தில் பூத்து முற்ற "8 கிழமை" என்று போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளறைக் கணக்கு. அங்கே விளக்கை ஒரே நாளில் 12 மணி நேரமாகக் குறைத்துவிடுவார்கள். வெளியே இருள் மெல்ல மெல்லத்தான் கூடும், இரவுக் குளிரும் செடியை மந்தமாக்கும். அதனால் பொட்டலக் கணக்கோடு ஒன்று, இரண்டு கிழமை கூட்டிக்கொள்ளுங்கள். 8 கிழமை வகை ஆகஸ்ட் 10 அளவில் பூத்தால் ஒக்டோபர் இரண்டாம், மூன்றாம் கிழமையில் வெட்டுக்கு வரும். 10 கிழமை வகையென்றால் ஒக்டோபர் கடைசி. ரொறன்ரோவில் அதுவே சூதாட்டம், ஒட்டாவாவில் அநேகமாகத் தோல்வி.

பகல் நீளத்தைப் பார்க்காமல் தன் வயதுக்கே பூக்கும் ஓட்டோஃபிளவர் வகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை முளைத்ததிலிருந்து 10 முதல் 14 கிழமையில் முற்றும். மே கடைசியில் முளைத்தது ஆகஸ்டிலேயே முடிந்து, இலையுதிர்கால ஈரத்துக்குத் தப்பிவிடும். சிறிய தோட்டம், முதல் முயற்சி என்றால் அடுத்த ஆண்டுக்கு அந்த வகையைத்தான் பரிந்துரைப்போம்.

பூத்து 6 கிழமை ஆனபின் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். 8 கிழமை தாண்டினால் தினமும் பார்க்க வேண்டும்.

கண்ணாடி வைத்துப் பார்ப்பது

செடியின் வீரியமும் வாசமும் இருப்பது ட்ரைக்கோம் எனப்படும் நுண்ணிய பிசின் முடிகளில். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தூசு படிந்ததுபோலத் தெரியும் அவை, கண்ணாடிக்குக் கீழே காளான் வடிவில் இருக்கும். ஒல்லியான காம்பு, அதன் மேல் உருண்டைத் தலை. பிசின் அந்தத் தலைக்குள்தான் சுரக்கிறது. தலையின் நிறத்தை வைத்தே முற்றலைக் கணிக்கிறோம்.

நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் லூப் போதும், ஆனால் 10 மடங்கு போதாது. 30 முதல் 60 மடங்கு பெருக்கும், சிறு விளக்கோடு வரும் ஒன்றை வாங்குங்கள். கைத்தொலைபேசியில் இணைக்கும் சிறு நுணுக்குக்காட்டி இன்னும் வசதி, ஏனென்றால் படம் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். செடியில் வைத்தே பார்த்தால் காற்றில் ஆடி ஒன்றும் பிடிபடாது. சிறு கத்தரிக்கோலால் கடலைப்பருப்பு அளவு ஒரு துண்டை வெட்டி, மேசைமேல் வைத்துப் பாருங்கள். விரல் பட்டால் தலைகள் நசுங்கிவிடும், முனையில் மட்டும் பிடியுங்கள்.

எங்கே பார்ப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பூங்கொத்துக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிற்றிலைகளைப் பார்க்கக்கூடாது. அவற்றில் உள்ள தலைகள் பூவில் உள்ளதைவிட முன்பே பழுத்துவிடும். அதைப் பார்த்து வெட்டினால் ஒரு கிழமைக்கு மேல் முந்திவிடுவீர்கள். பூவடிச் செதிலைப் பாருங்கள். ஒவ்வொரு சூல்முடியும் கிளம்புகிற இடத்தில் கண்ணீர்த்துளி வடிவில் உப்பியிருக்கும் பச்சைப் பகுதி அது. வெயில் படும் உச்சிக்கொத்து ஒன்றிலும், நடுக்கிளையில் ஒன்றிலும், அடிக்கிளையில் ஒன்றிலுமாக மூன்று துண்டு எடுங்கள். ஒரே செடியில் உச்சி பழுத்து அடி பிஞ்சாக இருப்பது வழக்கம்.

தலைகள் மூன்று நிலைகளைக் கடக்கும். முதலில் கண்ணாடி மாதிரித் தெளிவாக, ஒளி ஊடுருவும். இது பிஞ்சு. இப்போது வெட்டினால் காய்ந்தபின் எடையும் இராது, வாசமும் புல்லு வாசமாகவே நிற்கும். அடுத்து தலைக்குள் பால் கலந்ததுபோல வெண்மை ஏறும். போதை தரும் பொருளான டிஎச்சி ஆக மாறக்கூடிய அமிலம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலான தலைகள் இப்படி வெளுத்த நிலையில்தான். மூன்றாவது, தேன் நிறம். தலைக்குள் இருப்பது ஒட்சியேறிச் சிதையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். டிஎச்சி குறைந்து, அதன் ஒரு பகுதி சிபிஎன் என்ற வீரியம் குறைந்த பொருளாக மாறுகிறது.

எங்கள் கணக்கு இது. தெளிந்த தலைகள் அரிதாகி, பெரும்பாலானவை வெண்மையாகி, பத்தில் ஒன்று தேன் நிறம் காட்டும்போது வெட்டத் தயார். தேன் நிறம் கூடக் கூடத் தூக்கம் வரவைக்கும் தன்மை கூடும் என்று பலர் மூன்றில் ஒரு பங்கு பழுக்கும்வரை காத்திருப்பார்கள். உள்ளறையில் அது அவரவர் விருப்பம். ஒன்ராறியோ ஒக்டோபரில் வெளியே நிற்கும் செடிக்கு அந்தக் காத்திருப்பு தேவையற்ற ஆபத்து.

கண்ணாடி இல்லாதபோது

சூல்முடிகள் வெள்ளையாக, விறைத்து நின்றால் செடி இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது. பத்தில் ஏழெட்டு செம்பழுப்பாகி, சுருண்டு கொத்துக்குள் ஒடுங்கி, செதில்கள் உப்பிக் கொத்து கெட்டியானால் நெருங்கிவிட்டது. உரம் குறையாமலே அடியிலுள்ள பெரிய விசிறி இலைகள் மஞ்சளாகி உதிர்வதும், செடி தண்ணீர் குடிப்பது குறைவதும் இதோடு சேர்ந்து வரும்.

ஆனால் சூல்முடியை மட்டும் நம்பாதீர்கள். பலத்த மழை அடித்தால், கை உரசினால், அக்கம்பக்கத்து ஆண் செடியின் மகரந்தம் பட்டால், பிஞ்சிலேயே அவை பழுப்பாகிவிடும். மகரந்தம் பட்டிருந்தால் செதிலை நசுக்கிப் பாருங்கள், உள்ளே விதை தட்டுப்படும். மறுபக்கம், முற்றிய கொத்தின் நுனியில் திடீரென்று புதிய வெள்ளை முடிகள் கோபுரமாகக் கிளம்புவதும் உண்டு. வெப்பத்தாலோ வகையின் இயல்பாலோ வருவது அது. அந்தப் புது வளர்ச்சிக்காகக் காத்திருந்தால் முடிவே வராது, பழைய செதில்களின் தலைகளைப் பார்த்தே தீர்மானியுங்கள். ஊதா நிறமும் முற்றலுக்கு அடையாளம் அல்ல. இரவு 10 பாகைக்குக் கீழே போனால் சில வகைகள் பிஞ்சிலேயே ஊதாவாகும்.

இலைமேல் மாவு பூசியதுபோல வெண்மை தெரிந்தால் அதைப் பிசின் என்று மகிழ வேண்டாம். விரலால் துடைத்தால் தூளாக வருவது சாம்பல் நோய். பிசின் ஒட்டும், தூளாக வராது.

அழுகல்: உண்மையான காலக்கெடு

வெளியில் வளர்ப்பவர்கள் இழக்கும் பூக்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோவது பொட்ரைற்றிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம். திராட்சையையும் ஸ்ட்ரோபெரியையும் அழுக வைக்கும் அதே பூஞ்சணம்தான். அதன் வித்திகள் எப்போதும் காற்றில் இருக்கின்றன. 15 முதல் 25 பாகை வெப்பமும் பல மணி நேரம் காயாத ஈரமும் கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடும். செப்டெம்பர் கடைசியில் இரவுப் பனி காலை பத்து மணிவரை காயாமல் நிற்கும்போது இரண்டும் கிடைக்கின்றன. அழுகல் உள்ளிருந்து வெளியே வருவதால், மிகப் பருத்த, மிக அழகான உச்சிக்கொத்துத்தான் முதலில் போகும். காற்று நுழையாத அதன் நடுத்தண்டில் ஈரம் தங்கிவிடுகிறது.

தேட வேண்டிய அடையாளம் ஒன்றே ஒன்று. பச்சையான கொத்தின் நடுவில் ஒரு சிற்றிலை மட்டும் தனியாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ வாடியிருக்கும். அதை மெல்ல இழுங்கள். நல்ல இலை இழுவைக்கு எதிர்த்து நிற்கும். அழுகியது வெண்ணெயிலிருந்து வருவதுபோல் கழன்று வரும், அடிநுனி பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். கொத்தை விரித்தால் உள்ளே தண்டு நிறம் மாறி, சாம்பல் பஞ்சு படிந்திருக்கும். மழை பெய்த மறுநாளிலிருந்து மூன்று நாள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். அழுகல் பிடித்த கொத்து ஓரிரு நாளில் முழுதாகப் போய்விடும்.

கண்டால், செடியை உலுக்காமல், கொத்தின்மேல் ஒரு காகிதப் பையைக் கவிழ்த்து, அழுகல் தெரியும் இடத்துக்கு 3, 4 செ.மீ. கீழே நல்ல தண்டில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரிக்கோலை 70 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கள். வெட்டியது செடிக்குப் பக்கத்து எருக்குழிக்குப் போகக்கூடாது. அழுகிய பகுதியைக் கிள்ளிவிட்டு மீதியைக் காயவைக்கும் ஆசை வரும். அந்தக் கொத்து முழுவதையும் எறியுங்கள். பூஞ்சணம் பிடித்ததைப் புகைப்பது நுரையீரலுக்குக் கேடு, எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கு உயிராபத்து.

அழுகலுக்கு வழி திறந்துவிடுவதில் கம்பளிப்புழுக்களுக்கும் பங்குண்டு. கொத்துக்குள் துளைத்துப்போய், மிளகுத்தூள் போன்ற கறுத்த எச்சத்தை விட்டுவைக்கும், அங்கிருந்து பூஞ்சணம் தொடங்கும். எச்சம் தெரிந்தால் விரித்துத் தேடிப் புழுவைக் கையால் எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் பூவின்மேல் எந்த மருந்தும் தெளிக்கவேண்டாம்.

வாரம் முழுக்க மழை என்று முன்னறிவிப்பு வந்தால் என்ன செய்வது? தலைகளில் முக்கால்பங்கு வெண்மையாகிவிட்டால், மழைக்கு முதல்நாளே வெட்டிவிடுங்கள். சற்று முந்திய பூவில் இழப்பு சிறிது, அழுகிய பூவில் எல்லாமே இழப்பு. பாதிக்குமேல் இன்னும் தெளிந்திருந்தால், நான்கு கம்பு நட்டு மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் தாளைச் சரிவாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். பக்கமும் மூடினால் உள்ளே வியர்த்து, மழையைவிட மோசமாகும். மழை விட்டதும் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மெதுவாக உதறி நீரை வடியுங்கள்.

உறைபனி அழுகல் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பூச்சியத்தைத் தொட்டுவிட்டு மீளும் ஒரு இரவைப் பெரும்பாலான செடிகள் தாங்கும். பழைய படுக்கை விரிப்பால் போர்த்தி, காலையில் எடுத்துவிட்டால் போதும். −3 பாகைக்குக் கீழே பல மணி நேரம் நிற்கும் என்றால் போர்வை காப்பாற்றாது. அதற்கு முன்பே வெட்ட வேண்டும்.

வெட்டும் நாள்

செடியை ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டியதில்லை. உச்சிக்கொத்துகள் தயாரானதும் அவற்றை மட்டும் எடுங்கள். அடிக்கிளைகளுக்கு அதன்பின் வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைத்து, 7 முதல் 10 நாளில் அவையும் முற்றும். பருத்த உச்சிகள் முதலில் போய்விடுவதால் அழுகல் ஆபத்தும் குறையும். நாற்றுவிட்ட முதல் ஆண்டில் பின்பற்றுவதற்கு இதைவிட நல்ல முறை இல்லை.

உலர்ந்த நாளாகப் பார்த்து, பனி காய்ந்தபின், உச்சி வெயிலுக்கு முன் வெட்டுங்கள். நனைந்த பூவை வெட்டினால் அழுகலை வீட்டுக்குள் கொண்டு வருகிறீர்கள். நல்ல வெயிலில் வாசத்தைத் தரும் எண்ணெய்கள் ஆவியாகும். ரப்பர் கையுறை அணியுங்கள், பிசின் கையில் பட்டால் சவர்க்காரத்துக்குப் போகாது, சமையல் எண்ணெய் தேய்த்தால் போகும். கிளையை 30 முதல் 40 செ.மீ. நீளத்தில் வெட்டி, பெரிய விசிறி இலைகளை அங்கேயே கிள்ளிவிடுங்கள். சிற்றிலைகள் இருக்கட்டும், அவை பூ மெல்லக் காய உதவும்.

காய வைப்பது

நன்றாக முற்றியதையும் இங்கே கெடுத்துவிடலாம். இருட்டான இடம், 15 முதல் 20 பாகை, ஈரப்பதன் 55 முதல் 60 சதவீதம். கொடி கட்டி, கொத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சிறிய மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழலட்டும், பூவின்மேல் நேரே வீசக்கூடாது. பேஸ்மென்ற் செப்டெம்பரில் ஈரமாக இருக்கும், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தேவைப்படலாம். ஒக்டோபரில் ஹீற்றர் போட்டுவிட்டால் அதே அறை வறண்டுபோகும், மூன்று நாளில் வெளியே மொறுமொறுத்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். ஒரு ஈரப்பதமானியை வாங்கிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், ஊகத்தில் செய்யவேண்டாம்.

7 முதல் 14 நாள் ஆகும். மெல்லிய காம்பை வளைத்தால் வளையாமல் சட்டென முறிய வேண்டும். எடை ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும், அதாவது 400 கிராம் பச்சைப்பூ 80 முதல் 100 கிராம். பிறகு சிற்றிலைகளைக் கத்தரித்து, கண்ணாடிப் போத்தலில் முக்கால்பங்குக்கு மட்டும் நிரப்பி மூடுங்கள். முதல் கிழமை தினமும் 10 நிமிடம் திறந்து வையுங்கள். உள்ளே ஈரப்பதன் 58 முதல் 62க்குள் நிற்க வேண்டும். 65 தாண்டினால் மூடியைத் திறந்தே சில மணி நேரம் விடுங்கள், 70 என்றால் எடுத்துத் திரும்பத் தொங்கவிடுங்கள். திறக்கும்போது அமோனியா நெடி வந்தால் ஈரத்தோடு அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே பரப்பிக் காயவையுங்கள். மூன்று, நான்கு கிழமையில் புல்லு வாசம் போய் அந்தந்த வகையின் சொந்த வாசம் வரும்.

வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு இல்லை, ஆனால் வெளியே கொண்டு போக 30 கிராம்தான் அனுமதி. கத்தரித்த சிற்றிலைகளிலும் டிஎச்சி உண்டு, அவற்றையும் திறந்த குப்பையில் போடாதீர்கள், நாய் தின்றுவிடும். போத்தலில் வகையும் வெட்டிய நாளும் எழுதி ஒட்டி, பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். சிறு பிள்ளை தவறி வாயில் போட்டுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் நச்சுத்தடுப்பு மையத்துக்கு 1-844-764-7669 என்ற இலக்கத்தில் அழையுங்கள். எழுப்ப முடியாத தூக்கம், மூச்சுத்திணறல் என்றால் நேரே 911.